16 கட்டு நாணலும் ஒரு கொலை அப்பீலும்

நிலத்தின் எல்லையையும் அதில் விளைவதையும் பற்றிய சச்சரவுகள் சிறிதாய்த் தொடங்கிப் பெரிதாய் முடிவது கிராமவாசிகள் யாவரும் அறிந்ததே. அவ்வாறு மூண்ட ஒரு கலகத்தில் ஒருவர் செய்த கொலைக்கு உடன் வந்தவரும் தூக்குமரம் ஏறவேண்டுமா என்னும் வினா, லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. மகபூப் ஷா வழக்கு என வழங்கும் அதன் விவரத்தை நம் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

1943-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 25-ந் தேதி காலையில், அந்நாளைய பஞ்சாப் மாகாணத்தில் ஸிந்து நதிக்கரைக் கிராமத்தார் சிலர் நாணல் அறுக்கப் படகேறிச் சென்றனர். வழியில் நீராடிக்கொண்டிருந்த நிலச் சொந்தக்காரர் ஒருவர், தம் நிலத்து நாணலைத் தொடலாகாதென எச்சரித்தார். அதனைப் பொருட்படுத்தாது அவர்கள் சுமார் 16 கட்டு அறுத்துக்கொண்டு, படகைக் கயிறு கட்டி இழுத்தவண்ணம் திரும்பினர். நிலக்காரரின் உறவினர் ஒருவர் கரையில் நின்று நாணலைக் கேட்டார். மறுக்கவே, கயிற்றைப் பற்றியிழுத்தார். கைகலப்பு மூண்டது. படகு தள்ளும் மூங்கிற்கழியால் அடியுண்ட அவர் உதவிக்குக் கூவினார்.

அக்கூக்குரல் கேட்டு அவரைச் சேர்ந்தோர் இருவர் துப்பாக்கிகளுடன் வந்தனர். ஓட முயன்ற இருவரில் ஒருவரை அவர்களுள் ஒருவர் சுட்டுக் கொன்றார். 19 வயதினரான மகபூப் ஷா சுட்டதில் மற்றவருக்குச் சிறு காயமே உண்டாயிற்று. கொன்றவர் ஓடி மறைந்துவிட்டார். அகப்பட்ட மகபூப் ஷாவுக்கே கொலைக்குற்றத்திற்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. லாகூர் ஹைக்கோர்ட்டும் அதனை ஊர்ஜிதம் செய்தது.

தம் குண்டால் சாவாதவருக்காக அவர் உயிர் துறப்பதெங்ஙனம்? இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 34-வது பிரிவே அதற்கு ஆதாரம். பலர் தம் பொதுக் கருத்தை நிறைவேற்ற ஒரு குற்றத்தைச் செய்தால், ஒவ்வொருவரும் தாமே அதனைச் செய்தாற்போலப் பொறுப்பாளியாவர். வரையறையற்ற பொறுப்புள்ள நாணயச் சங்கத்தில் சங்கத்தின் கடன் அங்கத்தினர் அனைவரையும் பற்றுவதுபோல என்று கொள்ளலாம். ஆயின் ஒரு பேதம் உண்டு. சங்கத்தில் மனுச் செய்து சேருகிறோம். இங்கோ, மனம் ஒத்துச் செயலில் இறங்குவதே சேர்க்கையாகிவிடும்.

1945-ம் வருஷம் பிரிவி கவுன்சில் தன் தீர்ப்பை வழங்கிற்று. அதனை எழுதியவர் முன்னர் சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதியாயிருந்த ஸர் மாதவன் நாயர். ஒரே விதமான கருத்து வேறு, பொதுக் கருத்து வேறு. இரண்டிற்கும் இடையேயுள்ள வேற்றுமை நுண்ணியதாயினும் மெய்யானது என அவர் விளக்கினார். பொதுக் கருத்துக்கு முன்னேற்பாடு வேண்டும். அதனை நடத்தையினின்றும் சூழ்நிலையினின்றும் ஊகித்தறியலாம். இவ்விருவரும் தம்மவரை மீட்கவே வந்தனரென்றும், கொல்வதற்குக் கூடி முடிவு செய்ததாக ருசுவில்லையென்றும் கண்டு, கொலைத் தீர்ப்பும் தூக்குத் தண்டனையும் ரத்து செய்யப்பட்டன.

இதனைக் கண்டு எவரும் தைரியங்கொள்ளலாகாது. முன்னேற்பாடு நெடுநேரத்திற்கு முன்னரே நிகழவேண்டுவதில்லை, சம்பவ ஸ்தலத்தில் அக்கணமே உருவாகலாம் என்று இந்திய சுப்ரீம் கோர்ட்டு பின்னர்த் தெளிவாக்கிற்று. இந்தியாவினின்று பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் செய்தல் 1949-ல் ஒழிந்தது. பழைய தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக 2024-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவிலும், 3-வது பிரிவின் 5-வது உட்பிரிவாக இதே விதி நிற்கிறது.

தற்காப்புரிமை சட்டத்தில் உண்டு. ஆனால் அபாயம் நீங்கியபின் அது நீடியாது. உயிருக்கோ கொடுங்காயத்திற்கோ அச்சமில்லாத சாதாரணத் திருட்டைத் தடுக்கும்பொருட்டு ஒருவரைக் கொல்லச் சட்டம் இடந்தராது.

நாணல் யாருடையது என்பது அளவுச் சங்கிலியாலும் பட்டாவாலும் சிவில் கோர்ட்டாலும் தீரக்கூடிய வியாஜ்யம். மகபூப் ஷா தூக்குமரத்தினின்று தப்பினார். நாணல் அறுக்கச் சென்றவரோ வீடு திரும்பவில்லை. ஆகவே கூக்குரல் கேட்டு ஓடும்போது ஆயுதத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, சண்டையை விலக்குபவராகவே அங்கத்தினர் ஒவ்வொருவரும் செல்லக்கடவர்.