அறுபத்து மூன்று நாள் கணக்கு

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் எஞ்சினியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தண்டவாளத்தின் வெப்பநிலை, ஸ்லீப்பர் இடைவெளி, வளைவின் அளவு என்று எதையும் அளந்து நோட்டில் எழுதி வைப்பதுதான் என் தொழில். மட்டாஞ்சேரியில் வந்து குடியேறிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அளப்பதற்குத்தான் எதுவும் இல்லாமல் இருந்தது. எங்கள் வீட்டு நாய் செல்லி சினையானபோது அந்தக் குறையும் தீர்ந்தது.

செல்லி ஒரு வெள்ளை ஸ்பிட்ஸ். நம்மவர்கள் பொமரேனியன் என்று சொல்லும் ஜாதி. 2022 ஜூன் 3-ந் தேதி, செர்லாயில் உள்ள கொங்கணி நண்பர் ஒருவர் வீட்டு ஆண் நாயுடன் சேர்த்தோம். நோட்டில் புதுப் பக்கம் எடுத்து 'நாள் 0, எடை 8 கிலோ' என்று எழுதினேன். எடை பார்ப்பது சுலபம். செல்லியைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறி நின்று, என் எடையைக் கழித்துவிட வேண்டியதுதான்.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் நாய் வளர்க்கிறார்கள். அந்த நோட்டில் நான் சரியாகச் செய்ததும் இருக்கிறது. தவறாகச் செய்து ஓர் உயிரையே இழக்க இருந்ததும் இருக்கிறது. இரண்டையும் எழுதுகிறேன்.

முதல் மூன்று வாரம்

பெண்களுக்குச் சுமார் 280 நாள் என்றால் நாய்க்குச் சுமார் 63 நாள்தான். சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 58 முதல் 68 வரை முன்னே பின்னே ஆகலாம்.

முதல் மூன்று வாரத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. எடையும் ஏறாது. உள்ளேதான் வேலை நடக்கிறது. நாயின் கருப்பை, பாதை இரண்டாகப் பிரிவது போல இரண்டு நீண்ட குழல்களாகப் பிரிந்திருக்கும். கருக்கள் உடனே ஓரிடத்தில் ஒட்டிக்கொள்வதில்லை. இரண்டு குழல்களிலும் மிதந்து நகர்ந்து, ஏறக்குறையச் சம இடைவெளியில் அமைந்த பிறகே சுவரில் பதிகின்றன. இதை டாக்டரம்மா சொன்னபோது நான் அசந்து போனேன். ஸ்லீப்பர்களைச் சம இடைவெளியில் போட நாங்கள் எத்தனை பேர், எத்தனை டேப் பிடித்திருக்கிறோம்!

மூன்றாம் வாரக் கடைசியில் செல்லி சாப்பாட்டைக் குறைத்தாள். மத்தி மீன் போட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தக் கட்டத்தில் சில நாய்களுக்கு வாந்தியும் வரும். ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

நான்காம் வாரம் முதல்

25 நாள் தாண்டியதும் மடிக்காம்புகள் சற்றுப் பருத்து இளஞ்சிவப்பாகத் தெரிந்தன. ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. சினைப்படாத பெண் நாய்க்கும், சூட்டுக்கு வந்து முடிந்த பின் ஏறக்குறைய இரண்டு மாதம் அதே ஹார்மோன் சுரக்கிறது. அதனால் வயிறு பெருத்து, பால்கூடச் சுரந்து, குட்டியே இல்லாமல் ஏமாற்றும் பொய்ச்சினையும் உண்டு.

28-ஆம் நாள் ஜூலை 1. தோப்பும்படிப் பாலம் தாண்டி எறணாகுளத்துக்கு ஸ்கேன் எடுக்கப் போனோம். திரையில் அரிசி மணி அளவில் ஏதோ படபடவென்று துடித்தது. குட்டியின் இதயம். என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

35-ஆம் நாளில் எடை 8.3 கிலோ. குட்டிகளின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி மூன்று வாரத்தில்தான். அதற்குப் பிறகு என் நோட்டில் கோடு செங்குத்தாக ஏறியது. வயிறு இரு பக்கமும் பிதுங்கியது. அடிவயிற்று முடி உதிர்ந்தது. இரைப்பைக்கு இடம் இல்லாததால் ஒரே வேளையில் சாப்பிட முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நான்கு வேளை கொடுத்தோம். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுவதால் சிவப்பணுக்களின் விகிதம் குறையும். ஓரளவு இது இயல்பே என்று டாக்டரம்மா சொன்னார்.

குட்டிகளின் எலும்பில் சுண்ணாம்புச் சத்து ஏறி எக்ஸ்ரேயில் தெரிய 45 நாளாவது ஆக வேண்டும். 55 நாளுக்கு மேல் எடுத்தால் எண்ணிக்கை பிசகாது. ஜூலை 28-இல் எடுத்தோம். நான்கு மண்டை ஓடுகள், நான்கு முதுகெலும்புகள். எண்ணிக்கை ஏன் முக்கியம் என்றால், பிரசவம் முடிந்ததா, உள்ளே இன்னும் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். இங்கிலாந்தில் 2004-இல் டியா என்ற மாஸ்டிஃப் நாய் 24 குட்டிகள் போட்டு கின்னஸில் இடம்பெற்றது. அந்த வீட்டுக்காரரின் கணக்கை நினைத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

தெர்மாமீட்டர் சொன்ன நேரம்

கடைசி வாரம் தினம் மூன்று முறை ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். சினையைத் தாங்கி நிற்கும் ஹார்மோன் இறங்கியதும் உடல் சூடும் இறங்கும். 99-க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் பிரசவம்.

ஆகஸ்ட் 4 காலை 98.6. கர்க்கடக மழை கொட்டிக்கொண்டிருந்தது. செல்லி என் பழைய வேட்டியை இழுத்துப் போய்க் கட்டிலுக்கு அடியில் பிராண்டிப் பிராண்டிப் படுக்கை போட்டாள். எடை 10.1 கிலோ. நள்ளிரவு தாண்டி முதல் குட்டி. விடிவதற்குள் நான்கும் பிறந்தன. 63-ஆம் நாள்!

ஒன்றைக் கவனியுங்கள். நாயின் நஞ்சுக்கொடி குட்டியைச் சுற்றி ஒரு பெல்ட் போல இருக்கும். அதன் ஓரத்தில் பச்சை நிறம் உண்டு. முதல் குட்டிக்குப் பிறகு பச்சையாக நீர் வந்தால் பயம் இல்லை. முதல் குட்டி வருமுன்பே பச்சை நீர் வந்து, குட்டி வரவில்லை என்றால் நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று பொருள். அப்போது காத்திருக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும்.

"தாத்தா, இனிமே செல்லியை என்னன்னு கூப்பிடறது?" என்று பேத்தி கேட்டாள். தொல்காப்பிய மரபியலில் நாய்க்குட்டிக்குக் 'குருளை' என்று பெயர், பெண் நாய்க்குப் 'பாட்டி' என்று பெயர் என்றேன். அவள் சமையலறையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில், எனக்கு அன்று காப்பி தாமதமாகத்தான் கிடைத்தது.

நான் செய்த தவறு

இனி, நோட்டில் நான் சிவப்பு மையில் எழுதிய பகுதி. எங்கள் மகள் கர்ப்பமாக இருந்தபோது டாக்டர் கால்சியம் மாத்திரை கொடுத்தார். அந்த நினைவில், 30-ஆம் நாளிலிருந்து நானாகவே செல்லியின் சோற்றில் தினமும் கால்சியம் சிரப் ஊற்றினேன். "டாக்டரைக் கேட்டீங்களா?" என்றாள் மனைவி. "இதுக்கெல்லாமா கேக்கணும்?" என்றேன்.

குட்டிகள் பிறந்ததும் சிரப்பை நிறுத்திவிட்டேன், பேறுகாலம்தான் முடிந்துவிட்டதே என்று.

ஆகஸ்ட் 21, ஆவணி பிறந்து ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. குட்டிகளுக்கு 16 நாள், கண் திறந்திருந்தன. மாலையில் செல்லி நிலைகொள்ளாமல் நடந்தாள். மூச்சு இரைத்தது. கால்கள் மரக்கட்டை போல விறைத்தன. குட்டிகளைப் பார்க்கவே இல்லை. ஏழு மணிக்கு உடம்பு முழுவதும் நடுங்கியது, சூடு 106. ஆட்டோவில் மனைவி மடியில் போட்டுக்கொண்டு ஓடினோம். பாலத்தின் மேல் போகும்போது வலிப்பு வந்தது. "ஏதும் ஆகாது, அம்மா" என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டே அந்த ஓட்டுநர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை.

டாக்டரம்மா பார்த்த உடனே சொல்லிவிட்டார். ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது. நரம்பு வழியாகக் கால்சியம் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதால் ஒரு கை ஸ்டெதாஸ்கோப்பிலேயே இருந்தது. அரை மணியில் நடுக்கம் அடங்கியது. செல்லி தலையைத் தூக்கி என் கையை நக்கினாள்.

"கால்சியம்தானே கொடுத்தேன்?" என்று நான் கேட்டேன். அவர் விளக்கினார். எலும்பில் இருக்கும் கால்சியத்தைத் தேவைப்படும்போது எடுத்துக் கொடுக்கக் கழுத்தில் சிறு சுரப்பிகள் உண்டு. சினைக்காலத்தில் வெளியிலிருந்து அளவுக்கு மேல் கொடுத்தால் அவற்றுக்கு வேலை இல்லை, மந்தமாகிவிடும். பால் சுரக்கத் தொடங்கியதும் திடீரென்று நிறையத் தேவைப்படுகிறது. அப்போது அவை உடனே எழுந்து வராது. பால் கொடுக்கும் முதல் நான்கு வாரம், அதுவும் சிறு ஜாதி நாய்களுக்கு, இந்த ஆபத்து அதிகம். சினைக்காலத்தில் நல்ல சமச்சீரான உணவு போதும். கடைசி மூன்று வாரம் குட்டி நாய்களுக்கான உணவைக் கொடுத்தால் அதிலேயே எல்லாம் இருக்கிறது.

கேங்மேன்களை ஆறு வாரம் சும்மா உட்கார வைத்துவிட்டு, வெள்ளத்தில் பாதை அரித்த ராத்திரியில் விசில் அடித்தால் யார் வருவார்கள்? இதை நான் யோசித்திருக்க வேண்டும். அத்தனையும் அளந்த நான், ஊற்றியதை மட்டும் கேட்டு ஊற்றவில்லை.

இரண்டு நாள் குட்டிகளைப் பிரித்து வைத்துப் புட்டிப்பால் கொடுத்தோம். செல்லி பிழைத்தாள். நான்கு குட்டிகளும் வளர்ந்து, ஒன்று குஜராத்தி ரோட்டுக்கும், ஒன்று செர்லாய்க்கும், ஒன்று பள்ளுருத்தியில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கும், ஒன்று அந்த ஆட்டோ ஓட்டுநர் வீட்டுக்கும் போயின. எங்கள் மட்டாஞ்சேரியின் மொழிகளில் நான்கில் அவை இப்போது குரைக்கின்றன.

ஒரு முறை இப்படி வந்தால் அடுத்த பிரசவத்திலும் வரலாம் என்றார்கள். பால் மறந்த பிறகு செல்லிக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டோம். நோட்டை மூடி அலமாரியில் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டு நாய் சினையாக இருந்தால் தாராளமாக வாங்கிப் பாருங்கள். ஆனால் சிரப் பாட்டிலைத் திறக்குமுன் டாக்டரைக் கேளுங்கள்.