ஆள் நிறைந்த விடுமுறை வீட்டில் நடைபழகும் பிள்ளை யார் பார்வையில்?



கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகள் நிறைந்துவிடுகின்றன. பள்ளி செல்லும் பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து மாமி வீட்டார், சாச்சா வீட்டார் வந்து தங்குகிறார்கள். ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு என்பதால் 2026, 2027, 2028 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஹஜ்ஜுப் பெருநாள் மே மாதத்திலேயே வருகிறது. குர்பானி, விருந்து, உறவினர் வருகை என எல்லோர் கையிலும் வேலை இருக்கும்.

இந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒன்றரை வயதிலோ இரண்டு வயதிலோ ஒரு பிள்ளை நடந்துகொண்டிருக்கிறது. அது எங்கே என்று கேட்டால், "உங்ககிட்ட இருக்குன்னு நெனச்சேன்" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். வீட்டில் தாய் மட்டும் இருக்கும் நாளில் பிள்ளையைப் பார்க்க வேண்டியவர் யார் என்பதில் ஐயம் இல்லை. பத்துப் பேர் இருக்கும் நாளில்தான் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போகிறது.

உப்பளக் கரையில் கோடை

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கரையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. கிழக்கே வங்கக் கடல், ஊரை ஒட்டி உப்பங்கழி, தெற்கே 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஏரி. காக்கிநாடாவில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாய் முடியும் இடமும் மரக்காணம்தான். இவற்றுக்கு இடையில் உப்புப் பாத்திகளும் அவற்றுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்களும் பரந்து கிடக்கின்றன.

மழைக்காலம் ஓய்ந்ததும் பாத்திகளைச் சீர்செய்து தொடங்கும் உப்பு வேலை கோடை வெயிலில்தான் உச்சம் அடையும். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க விடியுமுன்னே அளத்துக்குப் போவோர் உண்டு. மே மாதத்தில் அங்கன்வாடிக்கும் சில நாட்கள் விடுமுறை. ஆகவே தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் வீட்டில், சின்னப் பிள்ளை பெரும்பாலும் எட்டு வயது, பத்து வயது அக்காவின் இடுப்புக்கு வந்துவிடுகிறது. அளத்துக்குப் போகாத குடும்பங்களிலும் சமையல் நேரத்தில் நடப்பது இதுதான்.

ஆபத்து கடலில் மட்டும் இல்லை

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட கால் பங்கினர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

இந்தச் செய்தியைப் படிக்கும்போது நமக்குக் கடலும் ஏரியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் நடைபழகும் பிள்ளைக்குக் குளியலறை வாளியே போதும். அந்த வயதில் உடலின் மற்ற பாகங்களைவிடத் தலை கனமானது. வாளிக்குள் எட்டிப் பார்க்கும் பிள்ளை தலைகுப்புற விழுந்தால் கையை ஊன்றி எழ அதற்கு வலு இல்லை. சில அங்குலத் தண்ணீரே மூக்கையும் வாயையும் மூடிவிடும். கத்திக் கூப்பிடவும் முடியாது. அதனால் பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடச் சத்தம் கேட்பதில்லை.

குடிநீருக்காக டிரம்மிலும் அண்டாவிலும் தண்ணீர் பிடித்து வைப்பது நம் பகுதி வீடுகளின் வழக்கம். விருந்தாளிகள் வந்தால் இன்னும் இரண்டு வாளி கூடும். விடுமுறையில் ஆளும் கூடுகிறது, நிரம்பிய பாத்திரமும் கூடுகிறது.

வங்கதேசம் கற்ற பாடம்

குளமும் குட்டையும் நிறைந்த வங்கதேசத்துக் கிராமங்களில் சிறு குழந்தைகள் நீரில் மூழ்கி இறப்பது பெரும் துயரமாக இருந்து வருகிறது. ஆய்வாளர்கள் எப்போது, எங்கே என்று கேட்டுப் பார்த்தபோது தெரிந்த விடை எளிமையானது. பெரும்பாலான மரணங்கள் காலை 9 மணிக்கும் பகல் 1 மணிக்கும் இடையில், வீட்டை ஒட்டிய நீர்நிலைகளில் நடந்திருந்தன. அது தாய் சமையலிலும் வீட்டு வேலையிலும், தகப்பன் வெளியிலும் இருக்கும் நேரம்.

அந்த நான்கு மணி நேரத்துக்காகவே அங்கே 'ஆஞ்சல்' என்ற குழந்தைப் பராமரிப்பு மையங்கள் தோன்றின. வங்க மொழியில் அந்தச் சொல்லுக்கு முந்தானை என்று பொருள். அந்த ஊர்ப் பெண் ஒருவர், அக்கம்பக்கத்துச் சிறு பிள்ளைகளைத் தன் பார்வையில் வைத்துப் பாட்டும் விளையாட்டுமாகப் பார்த்துக்கொள்வார். மையத்துக்கு வந்த பிள்ளைகளிடையே நீரில் மூழ்கி இறப்பது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக ஆய்வுகள் கண்டன. 2022-இல் வங்கதேச அரசே 16 மாவட்டங்களில் 8,000 மையங்கள் அமைக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

அங்கே உயிர்களைக் காத்தது பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. குறித்த நேரத்தில், குறித்த ஒருவரின் கண் பிள்ளைகள் மேல் இருந்தது. அவ்வளவுதான்.

நம் வீட்டில் செய்யக்கூடியவை

முதலாவது, முறை வைத்துக்கொள்வது. காலையில் நன்னி, சமையல் நேரத்தில் சாச்சி, மாலையில் அத்தா என்று பேசி முடிவு செய்துவிடலாம். பார்ப்பவர் எழுந்து போக வேண்டியிருந்தால், "பிள்ளை இனி உங்க கையில" என்று வாய்விட்டுச் சொல்லி, மற்றவர் "சரி" என்ற பிறகே நகர வேண்டும். முறை எடுத்தவர் அந்த நேரத்தில் செல்போனைக் கீழே வைத்துவிட வேண்டும். இது பெண்களுக்கு மட்டுமான பட்டியல் அன்று. தொழுது முடித்து வந்த ஆண்களும் ஒரு முறை எடுத்துக்கொண்டால் அடுப்படியில் இருப்பவரின் பாரம் பாதி குறையும்.

இரண்டாவது, பெரிய பிள்ளைகளைத் துணைக்கு வைக்கலாம், முழுப் பொறுப்பை அவர்கள் தலையில் வைக்கக் கூடாது. பத்து வயதுப் பிள்ளைக்கும் அது விடுமுறைதான். விளையாட்டில் கண் போவது அதன் குற்றம் ஆகாது.

மூன்றாவது, தண்ணீரை மூடுவது. பயன்படுத்தியதும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். டிரம்முக்குக் கனமான மூடி, குளியலறைக் கதவுக்கு மேல் தாழ்ப்பாள், வாசலுக்கு இடுப்பளவு தட்டி, இவை போதும். அவை இருந்தாலும் பார்வையை எடுத்துவிடக் கூடாது.

நான்காவது, பிள்ளைக்கு வேலை கொடுப்பது. அழுகையை அடக்க செல்போனைக் கையில் கொடுப்பது எளிது. ஆனால் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. துவைத்த துணியை எடுத்துத் தரச் சொல்லுங்கள். வெங்காயத்தைக் கூடையில் போடச் சொல்லுங்கள். வேலை நடக்கும் இடத்திலேயே பிள்ளையும் இருந்தால் அதற்குச் சலிப்பும் இல்லை, நமக்குத் தேடலும் இல்லை.

தொழும்போது பிள்ளை வந்து ஏறுகிறதே என்று சிலர் சங்கடப்படுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் பேத்தி உமாமாவைச் சுமந்தபடி தொழுததும், ஸஜ்தாவின்போது கீழே வைத்துவிட்டு எழும்போது தூக்கிக்கொண்டதும் ஸஹீஹான ஹதீஸ்களில் பதிவாகியுள்ளது.

ஐந்தாவது, மஹல்லாவாகச் செய்யக்கூடியது. கோடையில் பல ஊர்களில் சிறுவர் சிறுமியருக்கு மார்க்க வகுப்புகள் நடக்கின்றன. அக்காவும் அண்ணனும் அங்கே போய்விடும் அதே காலை நேரத்தில், பக்கத்தில் ஓர் அறையைச் சின்னப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, இரண்டு தாய்மார் முறை வைத்துப் பார்த்துக்கொள்ள ஜமாஅத் ஏற்பாடு செய்யலாமே! அளத்துக்கும் மற்ற வேலைக்கும் போகும் எல்லாச் சமூகத்துத் தாய்மாருக்கும் அந்த அறையைத் திறந்து வைத்தால் ஊருக்கே நன்மை.

உப்பு உயிரைத் திருப்பித் தராது

ஒரு வதந்தியைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். நீரில் மூழ்கியவரை உப்புக் குவியலில் புதைத்து வைத்தால் உயிர் வந்துவிடும் என்று சமூக ஊடகங்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. 2022-இல் கர்நாடகத்தின் பல்லாரி மாவட்டத்தில் நீரில் மூழ்கிய சிறுவனின் உடலை அதை நம்பிப் பல மணி நேரம் உப்புக்குள் வைத்திருந்தார்கள். உயிர் வரவில்லை. மரக்காணத்தில் உப்புக்குப் பஞ்சம் இல்லை. அதனால்தான் இதைத் தெளிவாகச் சொல்கிறோம்: உப்பில் வைப்பது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் பிழைக்க வைக்கும் நிமிடங்களை வீணாக்கும்.

பிள்ளையை வெளியே எடுத்ததும் அசைவும் மூச்சும் இல்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தி 2 முறை மூச்சு என்று விடாமல் தொடர வேண்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். இந்த முதலுதவியை முறையாகக் கற்றுத்தர ஒரு மருத்துவரையோ செவிலியரையோ ஜும்ஆவுக்குப் பின் ஒருநாள் அழைத்தால் ஆண்களும் பெண்களும் கற்றுக்கொள்ளலாம்.

இரவு கவியும்போது பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ளவும், பாத்திரங்களை மூடி வைக்கவும் நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. விடுமுறை முடியும்வரை அந்தப் பழக்கத்தைப் பகலுக்கும் நீட்டிக்கொள்வோம். நாளைக் காலை தேநீர் குடிக்கும்போதே, யாருக்கு எந்த நேரம் என்று வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.