நாலு விரல்கடை உயரம்தான்... கிட் ஸ்போர்ட்ஸ் கார்களில் ஆயில் சேம்பர் ஏன் இவ்வளவு அடிவாங்குது?

வார இறுதிகளில் கேரேஜில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கி, சொந்தக் கையால் கட்டிய கார். முதல் நாள் ரோட்டுக்கு வருது. தெருமுனையில் ஒரு வேகத்தடை. 'டங்'னு ஒரு சத்தம். சில நொடிகளில் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு. அத்தோடு இன்ஜின் கதை முடிந்துபோகலாம்.

பிரிட்டனில் கிட் கார் கட்டுபவர்கள் ரொம்பவே பயப்படும் காட்சி இது. காரணம், காரின் அடியில் தொங்கும் ஓர் உலோகத் தொட்டி. ஆங்கிலத்தில் ஆயில் பேன் அல்லது சம்ப். நம்ம ஊர் மெக்கானிக் பாஷையில் 'சேம்பர்'.

கிட் கார்னா என்ன?

பாகங்களாக வாங்கி, வாங்கியவரே பூட்டிக்கொள்ளும் கார்தான் கிட் கார். இதில் ரொம்பப் பிரபலமானது லோட்டஸ் செவன். காலின் சாப்மேனின் லோட்டஸ் நிறுவனம் 1957-ல் இதை அறிமுகப்படுத்தியது. அப்போது பிரிட்டனில் முழுதாகத் தயாரான காருக்குக் கொள்முதல் வரி உண்டு; பாகங்களாக விற்றால் கிடையாது. ஆனால், 'எப்படிப் பூட்டுவது' என்ற வழிமுறைக் குறிப்பைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. அதனால் 'எப்படிக் கழற்றுவது' என்ற குறிப்பைக் கொடுத்து, அதைத் தலைகீழாகப் படிக்கச் சொன்னார்கள் என்றொரு கதை இன்றும் சொல்லப்படுகிறது.

1973-ல் பிரிட்டனில் வாட் வரி வந்தது. கிட் கார்களின் வரிச் சலுகையும் போனது. அதே ஆண்டு செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கை மாறியது. இன்றும் அந்த நிறுவனம் செவனை கிட்டாகவும் விற்கிறது. இதே பாணியில் வேறு பல கிட் கார்களும் வந்துவிட்டன.

ஏன் இவ்வளவு தாழ்வு?

கார் வளைவில் திரும்பும்போது, எடை உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும். எவ்வளவு மாறும் என்பது காரின் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கு என்பதைப் பொறுத்தது. மையம் தாழ்ந்தால் நாலு டயரும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். வளைவில் பிடிப்பு கூடும். காரில் கனமான ஒற்றைப் பொருள் இன்ஜின்தான். அதை எவ்வளவு கீழே இறக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்குது. கிட் கார்களுக்குள் போகும் இன்ஜின் பெரும்பாலும் சாதாரண குடும்பக் காருக்காக வடிவமைத்தது. முதல் லோட்டஸ் செவனில் இருந்ததே ஃபோர்டின் 1172 சிசி இன்ஜின்தான். குடும்பக் காரில் தரைக்கு மேலே நிறைய இடம் இருக்கும். அதனால் சேம்பர் ஆழமாக இருந்தாலும் பிரச்னை இல்லை. அதே இன்ஜினைத் தாழ்வான சேஸிஸில் வைத்தால், எல்லாவற்றுக்கும் கீழே தொங்குவது சேம்பராகிவிடும்.

வேகத்தடைக் கணக்கு

இங்கிலாந்தில் 1999-ம் ஆண்டு விதிகளின்படி வேகத்தடையின் உயரம் 25 முதல் 100 மி.மீ. வரை இருக்கலாம். ஆனால் உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. நீளம்தான் முக்கியம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேம்பருக்குக் கீழே 80 மி.மீ. இடைவெளி, முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 2.2 மீட்டர் தூரம்.

* நீளமான தடை: 3.7 மீட்டர் நீளம், 100 மி.மீ. உயரம், வட்டமான மேல்பகுதி. நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் மேட்டின் மேலேயே இருக்கும். காரின் நடுப்பகுதியில் மேடு மேலே ஏறுவது சுமார் 35 மி.மீ. மட்டுமே. 45 மி.மீ. மிச்சம்.
* குட்டையான தடை: 90 செ.மீ. நீளம், 75 மி.மீ. உயரம். முன் சக்கரம் இந்தப் பக்கம் இறங்கிவிடும், பின் சக்கரம் அந்தப் பக்கம். முழு 75 மி.மீ.யும் காரின் வயிற்றுக்கு நேராக வரும். மிச்சம் 5 மி.மீ. மட்டுமே.

ஆக, உயரம் குறைந்த தடைதான் அதிக ஆபத்து!

இன்னொரு விஷயமும் இருக்கு. செவன் வகைக் கார்களில் சேம்பர் முன் சக்கரங்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். முன் சக்கரம் தடையிலிருந்து இறங்கும்போது சஸ்பென்ஷன் அமுங்கி, காரின் மூக்கு கீழே போகும். சரியாக அந்த நொடியில் சேம்பர் மேட்டின் உச்சிக்கு மேலே இருக்கும். மிச்சமிருந்த 5 மி.மீ. அங்கே காலி.

சேம்பரை வெட்டிக் குட்டையாக்கினால்?

கிட் கார் உலகில் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஆயிலின் அளவைக் குறைக்க முடியாது. அதனால் ஆழத்தைக் குறைத்துவிட்டு, பக்கவாட்டில் அகலப்படுத்துவார்கள். உதாரணமாக, 20 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 8 செ.மீ. ஆழம் இருந்தால் 4 லிட்டர் பிடிக்கும். ஆழத்தை 5 செ.மீ. ஆக்கினால், அதே 4 லிட்டருக்கு அகலம் 40 செ.மீ. வேண்டும்.

இப்போது வேறொரு வில்லன் வருகிறான். ஒரு 'ஜி' விசையில் கார் திரும்பினால், உள்ளே ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாயும். டிராக் டயர் போட்ட செவன் எட்டக்கூடிய விசைதான் இது. ஆயிலை உறிஞ்சும் குழாய் சேம்பரின் நடுவில் இருப்பதாகவும், உள்ளே தடுப்பு எதுவும் இல்லையென்றும் வைத்துக்கொண்டால், பழைய சேம்பரின் நடுவில் இன்னும் 7.5 செ.மீ. ஆயில் இருக்கும். புதிய அகலச் சேம்பரின் நடுவில் பூஜ்யம்! ஆயில் மொத்தமும் ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்கும். குழாய் காற்றைத்தான் உறிஞ்சும்.

கிராங்க் ஷாஃப்ட்டையும் பேரிங்கையும் பிரித்து வைத்திருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஓர் ஆயில் படலம். அழுத்தம் போனால் அந்தப் படலமும் போச்சு. உலோகத்தோடு உலோகம் உரசி பேரிங் நாசம்.

அதனால்தான் நல்ல சேம்பர்களுக்குள் தடுப்புத் தகடுகள் இருக்கும். ஆயிலை நடுப்பக்கம் வர விட்டு, திரும்பிப் போக விடாத ஒருவழிக் கதவுகளும் இருக்கும். சேம்பரைக் குட்டையாக்கும்போது உறிஞ்சு குழாயையும் அதற்கேற்பக் குறைத்தே ஆகணும்.

டிரை சம்ப்: தீர்வா, செலவா?

ரேஸ் கார்களின் வழி வேறு. ஆயிலை இன்ஜினுக்குக் கீழே தேக்குவதே இல்லை. கீழே விழும் ஆயிலைத் தனி பம்ப் உடனே உறிஞ்சி, வேறோர் இடத்திலுள்ள தொட்டிக்கு அனுப்பிவிடும். சேம்பர் மெல்லிய தட்டு மாதிரி இருந்தாலே போதும். இதுதான் டிரை சம்ப். பம்ப், தொட்டி, குழாய்கள் என்று செலவும் எடையும் கூடும்.

அதைப் போட்டாலும் இன்ஜினை இஷ்டத்துக்கு இறக்கிவிட முடியாது. ஃபிளைவீலும், அதை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கும் அடுத்த தடை. சேம்பர் மேலே போனால், தரையில் முதலில் இடிப்பது பெல் ஹவுசிங்காக இருக்கலாம்.

கட்டுபவர்கள் என்ன கவனிக்கணும்?

* இடைவெளியை ஸ்டாண்டில் ஏற்றி அளக்கக் கூடாது. ஆயில், பெட்ரோல் நிரப்பி, ஓட்டுநரும் பக்கத்து சீட்டில் ஒருவரும் உட்கார்ந்த பிறகே அளக்கணும்.
* டயரின் விட்டம் ஓர் அங்குலம் குறைந்தால், இடைவெளி அரை அங்குலம், அதாவது சுமார் 13 மி.மீ. குறையும். சின்ன வீல் மாட்டும் முன் இதை யோசிக்கணும்.
* சேம்பர்தான் காரின் மிகத் தாழ்ந்த பகுதி என்ற நிலை வேண்டாம். சேஸிஸோடு பிணைத்த ஒரு காப்புத் தகடு முதல் அடியை வாங்கட்டும்.
* அலுமினிய சேம்பர் விரிசல் விட்டால் ஆயில் ஒழுகுவது தெரியும். இரும்புத் தகடு நசுங்கும், ஒழுகாது. ஆனால் உள்ளே உறிஞ்சு குழாயின் வாயை அது அடைத்துவிடலாம். 'ஒழுகலையே' என்று நிம்மதி அடையக் கூடாது.

எல்லாவற்றையும் மீறி ஒரு நாள் 'டங்' சத்தம் கேட்டால்? ஆயில் பிரஷர் விளக்கு எரிந்ததும் காரைப் பாதுகாப்பாக ஓரங்கட்டி, இன்ஜினை உடனே நிறுத்திவிட வேண்டும். 'வீடு பக்கத்துலதானே, மெதுவா போயிடலாம்' என்ற நினைப்புதான் இன்ஜினைக் கொல்லும். அந்த இடத்திலேயே நிறுத்தினால் போவது ஒரு சேம்பர். ஓட்டினால் போவது, மாதக்கணக்கில் பூட்டிய மொத்த இன்ஜினும்!