பெயர்ப்பலகை அச்சு: பிளாட்பெட், ரோல்-டு-ரோல்

பெயர்ப்பலகை, விளம்பரப் பதாகை ஆகியவற்றை அச்சிட இருவகைப் பெரிய இங்க்ஜெட் பொறிகள் பயன்படுகின்றன.

ரோல்-டு-ரோல் பொறியில் ஃபிளெக்ஸ், வினைல் போன்ற வளையும் பொருள்கள் ஒரு சுருளிலிருந்து விரிந்து, அச்சேறியபின் மறு சுருளில் சுற்றிக்கொள்ளும். நீளமான பதாகைகளுக்கு இதுவே ஏற்றது, செலவும் குறைவு.

பிளாட்பெட் பொறியில் அக்ரிலிக், ஏசிபி, மரம், கண்ணாடி போன்ற வளையாத பொருள்களைத் தட்டையான மேடைமீது கிடத்தி நேரடியாக அச்சிடுவர். புறஊதா ஒளி பட்டதும் மை இறுகிவிடும். பலகை மேடைக்குள் அடங்க வேண்டும். 8 x 4 அடிப் பலகைக்கேற்ற மேடைகள் பரவலாக உள்ளன.

வினைலில் அச்சிட்டுப் பலகைமீது ஒட்டியும் பெயர்ப்பலகை செய்யலாம். ஆனால் கரைப்பான் மை நன்கு உலரும் முன் லேமினேஷன் செய்தால், உள்ளே தங்கிய கரைப்பான் பசையை இளக்கும். ஓரங்கள் சுருண்டு எழும். எனவே வழக்கமாக ஒரு நாளாவது உலரவிடுவர். குமிழின்றி ஒட்டவும் தேர்ந்த கை வேண்டும்.

ஆகவே அச்சுக்கூலியை மட்டும் ஒப்பிடுவது போதாது. உலரும் நேரம், லேமினேஷன், ஒட்டுக்கூலி ஆகியவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஓரிரு பலகைகளுக்கு வினைல் சிக்கனமாகலாம். ஒரே மாதிரிப் பலகைகள் பல தேவையெனில் பிளாட்பெட் வேலையைக் குறைக்கும்.