உங்களுக்குத் தெரியுமா? உறவைவிட அடுப்பு பெரிது!

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு குடும்பத்தைத் தீர்மானிப்பது இரத்த உறவல்ல, அடுப்பு. சேர்ந்து வசித்து ஒரே சமையலில் சாப்பிடுபவர்கள், உறவினராக இல்லாவிட்டாலும், ஒரு குடும்பம்தான். ஒரே வீட்டில் தனித்தனியாக உலை வைக்கும் அண்ணன் தம்பிகளோ இரண்டு குடும்பம். (மாமியார், மருமகள் சண்டை அரசுக் கணக்கில் ஏறும் வழி இது!)

குடும்பத் தலைவர் யார்? வீட்டார் யாரைச் சொல்கிறார்களோ அவரே. மூத்தவராகவோ ஆணாகவோ இருக்க வேண்டியதில்லை. மற்ற ஒவ்வொருவரும் அவருக்கு என்ன உறவு என்பது மட்டும் எழுதப்படும். சிக்கலே இங்குதான். ஆறு பேர் உள்ள வீட்டில் இருவர் இருவராகப் பார்த்தால் 15 உறவுகள்; படிவத்தில் ஏறுவது 5. இரண்டு மகன்களும் மனைவி மக்களோடு ஒன்றாக வசித்தால், குழந்தைகள் எல்லோரும் வெறும் ‘பேரப்பிள்ளைகள்’. எந்தப் பிள்ளை எந்த மகனுடையது என்று அந்தப் பதிவைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தாய், தந்தை அதே வீட்டில் இருந்தால், பட்டியலில் அவர்கள் எத்தனையாவது ஆள் என்றும் குறித்துக்கொள்கிறது. பிரிட்டனோ 2001 கணக்கெடுப்பிலிருந்து, வீட்டில் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்றே கேட்டுவருகிறது.