ஷவரில் திடீர் வெந்நீர்! கீசர் மீது பழி போடாதீர்கள்!!

சென்னை அடுக்குமாடி வீடு ஒன்று. காலை மணி ஏழு. குளியலறையில் வீட்டுக்காரர். தலை நிறைய சோப்பு நுரை. ஷவரில் இதமான வெந்நீர். திடீரென்று ஓர் அலறல்!

"ஐயோ, சுடுதே! யாரது குழாயைத் திறந்தது?"

சமையலறையில் இருந்து மனைவியின் பதில்: "நான்தாங்க! அரிசி களைய வேண்டாமா? உங்களுக்குச் சாப்பாடு கட்ட வேண்டாமா?"

அவர் கண்ணை மூடியபடியே தடவிப் பிடித்து பச்சைத் தண்ணீரைக் கூட்டி வைக்கிறார். அதே நேரம் அம்மா குழாயை மூடுகிறார். அடுத்த நொடி உடம்பு நடுங்குகிறது!

நகரில் பல வீடுகளில் தினமும் நடக்கும் நாடகம் இது. முடிவில் பழி விழுவது கீசர் தலையில். "கீசர் போயிடுச்சு சார், புதுசு மாத்திடுங்க" என்று யாராவது சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவு செய்து புதுசு மாட்டுகிறோம். மறுநாள் காலை அதே அலறல்!

உண்மையில் பல வீடுகளில் கீசர் நிரபராதி. குற்றவாளி தண்ணீரின் வேகம்தான்.

விளாவலில் வம்பு

அந்தக் காலத்தில் பாட்டி அண்டாவில் வெந்நீர் போட்டு, பக்கெட்டில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் விட்டு விளாவித் தருவார். கையை விட்டுப் பார்த்து "சரியா இருக்கு, குளி" என்பார். குளித்து முடிக்கும் வரை அந்தச் சூடு மாறாது.

இப்போது அந்த விளாவலைச் சுவரில் உள்ள 'மிக்சர்' செய்கிறது. ஒரு பக்கம் வெந்நீர்க் குழாய். மறு பக்கம் பச்சைத் தண்ணீர்க் குழாய். இரண்டும் ஒரே வேகத்தில் வந்தால் சூடு நிலையாக இருக்கும். சமையலறையிலோ கழிவறையிலோ குழாய் திறந்தால் பச்சைத் தண்ணீரின் வேகம் குறைகிறது. வெந்நீரின் பங்கு கூடி விடுகிறது. உடம்பு சுடுகிறது!

மேல் மாடிக்காரர்களுக்குத் தொல்லை அதிகம். தொட்டிக்கும் குழாய்க்கும் 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். கடைசி மாடியில் 3 மீட்டர் கூட இருக்காது. அங்கே சின்னக் குழாய் திறந்தாலும் ஷவர் ஆடிப் போகும்.

முதலில் ஒரு சோதனை

15, 25 லிட்டர் கீசர் வைத்திருப்பவர்கள் ஆளைக் கூப்பிடும் முன் இதைச் செய்து பாருங்கள். பச்சைத் தண்ணீரை மூடி விட்டு, வெந்நீரை மட்டும் பக்கெட்டில் பிடியுங்கள். கீழே நிற்க வேண்டாம். அந்த நேரம் வேறு யாரையாவது சமையலறைக் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள்.

வெந்நீரின் சூடு மாறவில்லையா? கீசர் மீது குற்றம் இல்லை. குழாய்களைப் பாருங்கள். வெந்நீரே ஏறி இறங்குகிறதா? தெர்மோஸ்டாட்டையும் உள்ளே படிந்த உப்பையும் எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு. 15 லிட்டர் கீசர் 60 டிகிரி சூட்டில் இருந்தால், விளாவிய பிறகு ஏறக்குறைய இரண்டு பக்கெட் வெந்நீர்தான் கிடைக்கும். அடுத்து உடனே குளிக்கப் போகிறவருக்குப் பச்சைத் தண்ணீர் வந்தால் அது கோளாறு அல்ல. கொஞ்சம் காத்திருக்க வேண்டியதுதான்!

காசில்லாத வைத்தியம்

பிளஷ் தொட்டிக்கு அடியில் சின்ன 'ஆங்கிள் காக்' இருக்கும். அதைப் பாதி மூடுங்கள். தொட்டி மெதுவாக நிரம்பும். ஷவர் தண்ணீரைப் பறிக்காது. செலவு ஒரு பைசா கிடையாது!

கைஷவர் உள்ளவர்கள் நுனியில் உள்ள விசையை மட்டும் நிறுத்தி விட்டு, மிக்சரைத் திறந்தே விடுகிறார்கள். அப்போது வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒன்றன் குழாயில் ஒன்று புகுந்து விடும். மிக்சரையும் மூடுங்கள். மூடியும் கலந்தால் 'என்.ஆர்.வி.' எனப்படும் வால்வைப் பிளம்பர் பொருத்தித் தருவார். அது தண்ணீரைத் திரும்ப விடாது.

பம்பு வைப்பவர்கள் கவனிக்க: பச்சைத் தண்ணீர்க் குழாய்க்கு மட்டும் பம்பு வைத்தால் தொல்லை இரட்டிப்பாகும். கீசருக்குப் போகும் குழாயும் அதே பம்பில் இருந்துதான் பிரிய வேண்டும்.

போர் தண்ணீர் வரும் வீடுகளில் ஷவர் தட்டின் துளைகளை உப்பு அடைக்கும். கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊற வைத்துத் தேயுங்கள்.

சின்ன கீசர் தகராறு

3 லிட்டர், 3 கிலோவாட் 'இன்ஸ்டன்ட்' கீசருக்கு வழக்கே வேறு. நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் அதனால் சுமார் 14 டிகிரிதான் சூடேற்ற முடியும். 6 லிட்டர் ஓடினால் 7 டிகிரிதான். ஒரு லிட்டராகக் குறைத்தாலோ தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடேறும், தெர்மோஸ்டாட் மின்சாரத்தை வெட்டும், பச்சைத் தண்ணீர் வரும், மறுபடி சூடேறும். சூடும் குளிருமாக மாறி மாறி வருவது இதனால்தான். அந்தக் குழாயை அளவாகத் திறந்து அப்படியே விட்டு விடுங்கள். அடிக்கடி திருகாதீர்கள்.

ஆறு நொடி போதும்!

இது வெறும் தொல்லை மட்டும் அல்ல. 60 டிகிரி வெந்நீர் ஐந்து, ஆறு நொடி பட்டாலே பெரியவர்களுக்குக் கூட ஆழமாக வெந்து விடும். குழந்தைகளின் தோல் இன்னும் மெல்லியது. முதியவர்களால் சட்டென்று விலக முடியாது.

எனவே குழந்தையை ஷவருக்கு அடியில் நிறுத்தி விட்டுக் குழாயைத் திருகாதீர்கள். பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். கையை விட்டுப் பார்த்த பிறகே குழந்தை. கீசரின் குமிழை உச்சத்தில் வைக்க வேண்டாம். குளிக்கும் முன் சுவிட்சை அணைத்து விடுங்கள்.

மீறிச் சுட்டு விட்டால் உடனே 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். இங்க், பேஸ்ட், மாவு எதுவும் தடவக் கூடாது. பிறகு டாக்டரிடம் ஓடுங்கள்.

நாளைக் காலை புது கீசர் வாங்கக் கிளம்பும் முன், அந்த ஆங்கிள் காக்கை ஒரு முறை திருகிப் பாருங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் பாட்டியின் பக்கெட் இருக்கவே இருக்கிறது!