பட்டம் இருக்கட்டும், கை எப்படி?

அறுவை மருத்துவரை வேலைக்கு எடுக்கும்போது சான்றிதழுக்கு அப்பாலும் பார்க்க வேண்டிய கட்டாயம் சிறப்பு மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டது.

லாரிக்கு டிரைவர் வேண்டுமென்றால் முதலாளி லைசென்ஸைப் பார்த்ததோடு விடமாட்டார். சாவியைக் கொடுத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொல்வார். ஆனால் மனித உடலைத் திறக்கப் போகிறவருக்குப் பல மருத்துவமனைகளில் நடப்பது அரைமணி நேரப் பேச்சு மட்டுமே. பட்டம், பதிவு எண், அனுபவம் எத்தனை வருடம், யாரிடம் படித்தவர். அவ்வளவுதான்.

சிக்கல் இங்கேதான். கண் மருத்துவத்தில் எம்.எஸ். முடித்த இருவரில் ஒருவர் பயிற்சிக் காலத்திலேயே நூற்றுக்கணக்கான கண்களுக்குப் புரை அகற்றியிருக்கலாம். இன்னொருவர் பெரும்பாலும் சீனியருக்குப் பக்கத்தில் நின்று உதவியதோடு சரி. இருவர் கையிலும் இருப்பது ஒரே பட்டம். வித்தியாசத்தை முதலில் அறியப் போவது நோயாளியின் கண்தான்.

இது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உடல் பருமனுக்கு அறுவை செய்யும் 20 மருத்துவர்களிடம் அவர்கள் செய்த ஓர் ஆபரேஷனின் வீடியோ வாங்கப்பட்டது. செய்தவர் யாரென்று சொல்லாமல் சக மருத்துவர்களிடமே அதைக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். 2013ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வெளியானது. மதிப்பெண்ணில் கடைசிக் கால் பகுதியில் இருந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள் ஏற்பட்டிருந்தன. முதல் கால் பகுதியினரிடம் 5.2 சதவீதம்தான். இறப்பு விகிதத்தில் வித்தியாசம் சுமார் ஐந்து மடங்கு. அத்தனை பேரும் தொழிலில் இருந்த, தகுதி பெற்ற மருத்துவர்கள்.

இந்தியாவிலும் ஆதாரம் உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்த 79,777 புரை அறுவைகளை அலசிய ஆய்வு 2012ல் வெளியானது. அறுவையின்போது சிக்கல் நேர்ந்தது நிரந்தர மருத்துவர்களிடம் 0.79 சதவீதம்; வெளியிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்களிடம் 5 சதவீதம். இன்னொரு தகவல் கூடுதல் சுவாரசியமானது. பயிற்சியாளர்கள் பேகோ முறையில் செய்தபோது சிக்கல் 4.8 சதவீதம், சிறு கீறல் முறையில் 1.46 சதவீதம் மட்டுமே. அதாவது, 'புரை அறுவை தெரியும்' என்ற பதில் போதாது. எந்த முறை என்றும் கேட்டாக வேண்டும்.

திறமையை எப்படி அளப்பது? சர்வதேச கண் மருத்துவக் கவுன்சில் இதற்கென அளவுகோல் வகுத்திருக்கிறது. கீறல் போடுவது, லென்ஸ் உறையை வட்டமாகத் திறப்பது, புரையை வெளியே எடுப்பது, செயற்கை லென்ஸ் வைப்பது என ஒவ்வொரு கட்டத்துக்கும் கற்றுக்குட்டி முதல் தேர்ந்தவர் வரை நான்கு படிகள். எந்தப் படிக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது வார்த்தைகளில் எழுதப்பட்டிருப்பதால் மதிப்பிடுபவரின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறைவு.

வேலைக்கு எடுப்பவர்களும் இதே வழியில் போகலாம். பதிவேட்டில் தானே செய்தவை எத்தனை, உதவியாளராக நின்றவை எத்தனை என்று பிரித்துக் கேட்கலாம். வெட்டி ஒட்டாத வீடியோ கேட்கலாம். லென்ஸ் உறை கிழிந்தால் அடுத்து என்ன செய்வார் என்று விசாரிக்கலாம். ஆட்டுக் கண்ணில் செய்து காட்டச் சொல்லலாம். சேர்ந்த பிறகும் முதல் சில ஆபரேஷன்களுக்குச் சீனியர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பும், ஒரு மருத்துவர் என்னென்ன சிகிச்சைகள் செய்யலாம் என்பதை அவரது படிப்பு, பயிற்சி, அனுபவம் பார்த்து மருத்துவமனை நிர்ணயிக்க வேண்டும் என்கிறது.

ஆனால் தரச்சான்று பெறாத சிறு கிளினிக்குகளின் கதை வேறு. முடி நடும் சிகிச்சை மையங்கள் பெருகியதைக் கண்டு 2022ல் தேசிய மருத்துவ ஆணையம் தந்த வழிகாட்டுதலில், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்ப்பது போதிய பயிற்சி ஆகாது என்று சொல்ல வேண்டி வந்தது. இதை எழுத்தில் போட வேண்டியிருந்ததே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

எண்ணிக்கையை மட்டும் நம்புவதிலும் ஆபத்து இருக்கிறது. சிக்கலான நோயாளிகளை ஏற்பவரின் கணக்கு மோசமாகத் தெரியும். சுலபமானவர்களை மட்டும் தொடுபவர் கெட்டிக்காரர் ஆகிவிடுவார். நோயாளியின் நிலையையும் சேர்த்து எடை போடாவிட்டால், கடினமான நோயாளியைத் தொட யாரும் முன்வர மாட்டார்கள். வாய்ப்பே கிடைக்காத இளம் மருத்துவரைக் கழித்துக்கட்டுவதும் நியாயமல்ல. அவருக்குத் தேவை மேற்பார்வையில் பயிற்சி. சில மாதங்களில் அவரும் அடுத்த படிக்கு ஏறிவிடலாம்.

நிர்வாகம் கேட்கத் தவறினால் நோயாளியே கேட்கலாம்: "டாக்டர், இந்த ஆபரேஷனை நீங்களே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரிடம் கணக்கு இருக்கும்.